ஐந்து மணிக் குளியல்

சித்தூரில் நான் வேலை பார்த்த மிஷன் முதியோர் இல்லத்தின் குளியலறைக் கதவில் ஓர் அட்டை தொங்கும். விடியற்காலை ஐந்து மணி தொடங்கி, படுக்கை எண் வரிசைப்படி யார் எப்போது குளிக்க வேண்டும் என்று மேட்ரன் அம்மா கைப்பட எழுதியது. எழுபதுகளில் நான் அங்கே உதவி நர்ஸ். முதியவர்களை ஆளுக்கு ஏற்றபடி பராமரிக்க வேண்டும் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் அந்த அட்டையைக் கிழித்துப் போடாமல் வந்தோமே என்று எரிச்சலாக இருக்கிறது.

பதினோராம் படுக்கையில் வரதய்யபாளையம் பக்கத்துப் பெரியவர் ஒருவர். ஆயுசு முழுக்க அடுத்தவர் கழனியில் உழைத்தவர். சீக்கிரம் முடியும் என்பதால் எல்லாரையும் பலகையில் கிடத்தித்தான் குளிப்பாட்டுவோம். இவர் மட்டும் தண்ணீரை மொண்டாலே கையை ஓங்குவார். என் கைக்கடிகாரம் உடைந்ததே அப்படித்தான். இன்னொரு முறை அடம்பிடித்தால் மகளுக்குக் கடிதம் எழுதி, இவரை வீட்டுக்கே அனுப்பிவிடுவேன் என்றார் மேட்ரன் அம்மா. மகள் கூலி வேலைக்காரி. ஒற்றை அறைக் குடிசையில் ஐந்து பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார். அங்கே இவருக்குக் கால் நீட்ட இடமில்லை.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவர் வந்து மூன்று மாதமாகியும் யாரும் கேட்டிருக்கவில்லை, நான் உட்பட.

"காலங்காத்தால எவம்மா குளிப்பான்? கழனி வேலைய முடிச்சுக்கினு பொழுதுசாய வந்து குளிச்சாத்தான் சோறு எறங்கும். காலையில கெடத்திக் குளிப்பாட்டறதெல்லாம் பொணத்துக்கும்மா."

அன்று மாலை வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். முக்காலியில் உட்கார்ந்து அவரே சொம்பால் ஊற்றிக்கொண்டார். இரவு மறுசோறு கேட்டார். மேட்ரன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மறுநாளே கதவில் புது அட்டை: இனி எல்லாருக்கும் மாலைக் குளியல்.

நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். குளிக்காமல் எப்படிக் காலை ஜெபத்துக்குப் போவேன் என்று ஒரு டீச்சரம்மா அழுதார். ஆஸ்துமாக்காரர்கள் விடிய விடிய இருமினார்கள். ஆளுக்கு ஒரு நேரம் வைத்துக்கொள்ளலாமே என்று மேட்ரன் அம்மாவிடம் கேட்கப் போனேன்.

"முப்பது பேருக்கும் முப்பது நேரம்னா இது இல்லமா, சத்திரமா? நீ ஆரம்பிச்சு வச்சேன்னுதானே மாத்தினேன்?" என்று என்மேலேயே பாய்ந்தார். கெட்டவர் என்றால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். தன் சம்பளத்தில் எல்லாருக்கும் பழம் வாங்கித் தருகிறவரை என்ன செய்வது? நான்காம் நாள் பழைய அட்டையே திரும்ப வந்தது.

ஐந்து மணிக்குப் பெரியவரை அழைக்கப் போனேன். கடிதப் பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"மவளுக்கு எழுத வேணாம்னு சொல்லும்மா" என்றார். பலகையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் ஊற்றியபோது கை அசையவில்லை. புரட்டிய பக்கம் புரண்டார்.

மேட்ரன் அம்மா நோட்டில் அவர் பெயருக்கு எதிரே, 'இப்போது நன்றாக ஒத்துழைக்கிறார்' என்று எழுதினார். கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.