பிடில் குதிரை கவிழ்ந்த பெரிய சனிக்கிழமை

வரதராஜன்பேட்டை மாதா கோவிலில் பிடில் வாசிக்கும் பள்ளி ஆசிரியன் நான். சென்ற ஆண்டு பெரிய வியாழனன்று, கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரை விரிசல் விட்டுவிட்டது. மறுநாள் புதியதை மாட்ட உட்கார்ந்தேன்.

"ஏங்க, பெரிய வெள்ளிக்கிழமை அதுவுமா பிடிலைத் தொடுறீங்களே!" என்றாள் என் மனைவி.

"வாசிக்கலையே, மாட்டத்தானே போறேன்," என்றேன்.

ஏசுநாதர் பாடுபட்ட துக்க நாட்களானதால், சனிக்கிழமைக் காலைப் பூசையில் மணி அடிக்கும்வரை எங்களுக்கு எந்த வாத்தியமும் ஒலிக்கக் கூடாது. அதனால் ஒரு கம்பியைக்கூட மீட்டாமல், விரலால் அழுத்திப் பார்த்தே, கம்பியை முறுக்கும் பிரடைகளைத் திருகி இறுக்கினேன்.

சனிக்கிழமை மணிகளெல்லாம் ஒன்றாக முழங்க, ஆர்மோனியம் கிளம்பியது. நான் வில்லை வைத்ததும் குதிரை 'டப்'பென்று கவிழ்ந்து, கம்பிகள் தொய்ந்துவிட்டன. நல்லவேளை, மணிச்சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பாட்டு முடியும்வரை வில்லைச் சும்மா ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஏன் விழுந்தது? வீட்டில் அதை மறுபடி நிறுத்தி, பக்கவாட்டில் கண்ணை வைத்துக்கொண்டு திருகினேன். ஒவ்வொரு திருகலுக்கும் கம்பி குதிரையின் மேல்முனையை எள்ளளவு முன்னால் இழுத்தது! மீட்டிச் சுருதி சேர்க்கும் நாட்களில் என் கை பழக்கத்தில் அதை நிமிர்த்திவிடும். அன்று ஊமையாக வேலை செய்ததில் கை மறந்துவிட்டது.

இப்போது பெரிய வாரம் தொடங்கும் குருத்து ஞாயிற்றுக்கு முன்பே குதிரையைச் சோதித்துவிடுகிறேன். திருகும்போதெல்லாம் பக்கவாட்டில் பார்க்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசலில் உபதேசியார் என் கையைப் பிடித்து, "இன்னைக்குப் பிடில் தேனா இருந்துச்சுங்க சார்," என்றார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அவரும் இந்தப் பத்திரிகைதான் வாங்குகிறார்.