சிவப்புப் பென்சில் போட்ட பைபிள்

நான் பைபிள் வாசிக்கிறவன். சும்மா வாசிக்கிறவன் இல்லை, கையில் சிவப்புப் பென்சிலோடு வாசிக்கிறவன். காலை ஐந்தரைக்கு எழுந்து, ஒரு கோப்பி கலக்கிக்கொண்டு, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் பிளாட்டின் பால்கனியில் உட்கார்ந்தால், மோனோரயில் ஓடத் தொடங்குவதற்குள் மூன்று அதிகாரம் முடித்துவிடுவேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பழக்கம் இன்னும் கெட்டியாகிவிட்டது. வாசித்தால் மட்டும் போதாது, வசனத்தை வாழ்க்கைக்குப் பொருத்த வேண்டும் என்று எங்கள் சபையில் அடிக்கடி சொல்வார்கள். நானும் பொருத்தினேன். யாருடைய வாழ்க்கைக்கு என்று அவர்கள் தெளிவாகச் சொல்லவில்லை.

என் முறை எளிது. ஒரு வசனம் மனதைத் தொட்டால், அது யாருக்குப் பொருந்துமோ அவரை ஓரத்தில் சின்ன எழுத்தில் குறித்துவிடுவேன். வாயை அடக்கச் சொல்லும் இடங்களில் எல்லாம் 'வீட்டுக்காரிக்கு'. மனிதர் பார்க்க வேண்டும் என்று நீண்ட ஜெபம் செய்கிறவர்களைக் கண்டிக்கும் இடத்தில் 'போதகருக்கு'. சோம்பேறியை எறும்பிடம் போய்ப் பாடம் கற்கச் சொல்லும் இடத்தில் மேல்மாடிக்காரர். ஒருநாள் வீட்டுக்காரி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டாள்.

"இத்தன பேர திருத்துறீங்களே, ஆண்டவருக்கே இவ்ளோ வேல இருக்காது லா" என்றாள்.

அன்றைக்கு நாக்கைப் பற்றிய ஓர் அதிகாரம் முழுவதையும் அவளுக்கு ஒதுக்கினேன்.

ஆனால் கடந்த இரண்டு வருடமாக ஓரங்களில் பாதிக்கு மேல் ஒரே ஆள்தான்: அண்ணன். என் கூடப்பிறந்த ஒரே அண்ணன். கிள்ளானில் இருக்கிறார். அவர் மகள் கல்யாண விருந்தில் சாப்பாட்டு ஜெபம் நான்தான் செய்வேன் என்று நானே முடிவு செய்திருந்தேன். சித்தப்பா அல்லவா! மூன்று வாரம் தயார் செய்தேன். படைப்பில் தொடங்கி, ஈசாக்கு ரெபெக்காள் கல்யாணம் வழியாக வந்து, கானாவூர் கல்யாணத் திராட்சரசத்தில் முடியும்படி கட்டிவைத்திருந்தேன். புதுக் கோட்டும் தைத்தேன். ஆனால் மைக்கை வேறொரு ஊரிலிருந்து வந்த போதகரிடம் கொடுத்தார்கள். அந்த மனுஷன் அரை நிமிஷத்தில் ஆமென் சொல்லிவிட்டார். போதாக்குறைக்கு எங்கள் மேசை கழிவறைக் கதவுக்கு எதிரே. நான் எழுந்தேன், வீட்டுக்காரியையும் எழுப்பினேன், சாப்பாடு வருவதற்குள் வெளியேறிவிட்டேன். அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சு இல்லை. அன்றைக்கு விட்டுவந்த மட்டன் பெரட்டலுக்காக வீட்டுக்காரி என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

இந்த நிலையில் செய்தி வந்தது. அண்ணனும் அண்ணியும் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் மகளோடு வாழப் போகிறார்கள். நிரந்தரமாகத்தான். சனிக்கிழமை விமானம். வியாழன் சாயங்காலம் அவர்கள் வீட்டில் கடைசி ஜெபக்கூட்டம்.

"நீங்க வரலன்னா நான் மட்டும் போறேன். அவரு திரும்பி வரும்போது நீங்க இருப்பீங்களோ, அவரு இருப்பாரோ" என்றாள் வீட்டுக்காரி.

போனேன். பின்வரிசையில் உட்கார்ந்தேன். அண்ணன் முடியெல்லாம் நரைத்து, முன்பைவிட மெலிந்திருந்தார். இரண்டு தடவை என் பக்கம் பார்த்தார். நான் இரண்டு தடவையும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். எழுந்து போய்ப் பேச வேண்டும் என்று உள்ளே ஏதோ அடித்துக்கொண்டது. அவர்தானே மூத்தவர், அவர் வரட்டும் என்று அதை அடக்கி உட்காரவைத்தேன்.

பைபிளைத் தரையில் வைப்பது எங்களிடம் வழக்கமில்லை. அதனால் சாப்பாடு வந்ததும் எல்லாரும் தங்கள் பைபிளை டிவி மேசையில் அடுக்கிவிடுவார்கள். எல்லாம் ஒரே மாதிரி: கறுப்பு உறை, ஓரம் சுற்றி ஜிப். திரும்பும்போது நான் ஒன்றை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டி ஏறினேன்.

மறுநாள் காலை பால்கனியில் ஜிப்பைத் திறந்தேன். உள்ளே என் சிவப்புப் பென்சில் இல்லை. முதல் பக்கத்தில் அண்ணனின் கையெழுத்து.

அவர் பைபிள் என்னிடம் இருந்தால், என் பைபிள் யாரிடம் இருக்கும்? அண்ணன் பைபிளைப் புரட்டினேன். ஒரு கோடு இல்லை, ஒரு குறிப்பு இல்லை. இவர் வாசிக்கவே இல்லை போலிருக்கிறது என்று அந்தப் பதற்றத்திலும் ஒரு திருப்தி வந்தது. பிறகு சங்கீதப் பாட்டுகள் இருக்கும் பக்கம் வந்தேன். விரல் பட்டுப் பட்டு மூலைகள் துணி மாதிரி ஆகியிருந்தன. மூடிவிட்டேன்.

"ஐயோ, அண்ணன்கிட்டயா போச்சு?" என்று வீட்டுக்காரி வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள் சிரித்தாள், எனக்குத் தெரியும்.

அவர் அதைத் திறப்பதற்குள் வாங்கிவிட வேண்டும். கே.எல். சென்ட்ரல் நிலையத்துக்கு ஓடிப்போய்க் கொமுட்டர் ரயில் ஏறினேன். கிள்ளான் போய்ச் சேரும் வரை, அவர் பெட்டி கட்டுவதில் மும்முரமாக இருக்க வேண்டும், கண்ணாடி எங்காவது தொலைந்திருக்க வேண்டும் என்று ஜெபித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ஊக்கமாக ஜெபித்ததே இல்லை.

அண்ணன் கண்ணாடி போட்டிருந்தார். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் என் பைபிளை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, பைபிள் மாறிப்போச்சு" என்றேன். இரண்டு வருடத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"தெரியும்டா. என் பைபிள் என்னைய இவ்ளோ திட்டினதில்ல. உக்காரு."

உட்கார்ந்தேன். அவர் பக்கங்களைத் திருப்பினார்.

"மேட்டிமைக்காரன்னு வர்ற எடத்துல, அண்ணன். பார்வோன் மனசு கல்லாப் போச்சு, அதுக்கும் அண்ணன். யூதாஸ் முத்தம் குடுக்கிற எடத்துல மட்டும் கேள்விக்குறி போட்டிருக்க. அதுக்கு தேங்க்ஸ்."

உள்ளே அண்ணி இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல்.

"இது என்னடா?" என்று ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். கல்யாண விருந்துக்கு அழைக்கப்பட்டவன் முதல் இடத்தைத் தேடிப்போய் உட்காரக்கூடாது என்று சுவிசேஷத்தில் வருமே, அந்தப் பகுதி. ஓரத்தில் என் கையெழுத்து: 'அண்ணனுக்கு'. இரண்டு கோடு வேறு.

"அன்னைக்கு நான் உக்காரவே இல்லடா. வாசல்ல நின்னு கைகுடுத்துக்கிட்டே இருந்தேன். எடம் சரியில்லன்னு எந்திரிச்சுப் போனது யாரு?"

அதுவரை கேலியாகப் பேசிக்கொண்டிருந்தவர் குரலைத் தணித்தார்.

"ராத்திரி ஆதியாகமத்துல ஆரம்பிச்சேன். என்னப் பத்தி எழுதினதுக்குக்கூட கோவம் வரல. உனக்குன்னு ஒரு வசனமாவது இருக்கான்னு தேடினேன். ஒண்ணுகூட இல்லையேடா. இத்தன வருஷத்துல ஆண்டவர் உங்கிட்ட ஒண்ணுமே பேசலியா?"

ஏளனமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் நிஜமாகவே எனக்காகக் கவலைப்பட்டுக் கேட்டார். எனக்கு அப்படி ஒரு வெட்கம். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், பெட்டி மேல் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தேன்.

"என் தப்பும் இருக்கு" என்றார் அண்ணன். "உங்கிட்ட மைக் குடுத்தா நீ ஆதாம்லேருந்து வருவ. சாப்பாடு ஆறிடும்னு பயந்தேன். அத உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்ல தைரியம் இல்ல."

அண்ணி தோசையும் சாம்பாரும் கொண்டுவந்து ஒரு பெட்டி மேலேயே வைத்தார். பாத்திரமெல்லாம் கட்டியாகிவிட்டதாம், எங்கள் மூவருக்கும் காகிதத் தட்டு. நான் கையை நீட்டப் போனேன்.

"இருடா, ஜெபம் பண்ணு" என்றார் அண்ணன்.

"நானா?"

"பின்ன? ஊருக்குப் போகப்போறேன். என் தம்பிதான் பண்ணணும்."

கண்ணை மூடினேன். அந்தக் கல்யாண ஜெபம் எனக்கு இன்னும் மனப்பாடம். படைப்பு, ஈசாக்கு, ரெபெக்காள், கானாவூர், எல்லாம் வரிசையாக நின்றன. வாயைத் திறந்தேன். அவற்றில் ஒன்றும் வரவில்லை.

"ஆண்டவரே, அண்ணன நல்லபடியா கொண்டுபோய்ச் சேரும். என்னை மன்னியும்" என்றேன். அதோடு நிறுத்திவிட்டேன். ஆமென்கூட அண்ணன்தான் சொன்னார்.

"அவ்ளோதானா?" என்றார் அண்ணி, நம்ப முடியாமல்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பிறகு கண்ணையும் துடைத்தார்.

"நீ இப்படிப் பண்ணுவன்னு தெரிஞ்சிருந்தா, அன்னைக்கே உங்கிட்ட மைக்கக் குடுத்திருப்பேனேடா" என்றார்.

தோசையைப் பிய்த்தேன். இன்னும் சூடாகவே இருந்தது.