எங்கு என்று கூப்பிட்டார்கள்

என் வீட்டுக்காரரின் பெயர் ராஜா என்று ஆரம்பிக்கும். தமிழ்நாட்டில் எங்கள் கடலோர முஸ்லிம் ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர் உண்டு. அதில் ஒருவன் கழுதை மேய்த்தான். இவர் மலாயாவுக்குக் கப்பலேறி வந்து, ஜொகூரில் பத்து பகாட் என்ற ஊரில் சோற்றுக்கடை வைத்து, மலாய்க்காரர்கள் படிக்கட்டும் என்று அரபு வடிவ ஜாவி எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டிய பிறகுதான் வினை வந்தது. இந்த நாட்டில் ராஜா என்பது பட்டம். தகப்பன் ராஜ வம்சமாக இருந்தால்தான் பிள்ளைக்கு ஒட்டும். ஜொகூர் வம்சத்துக்கு வேறு பட்டங்கள் என்பதால், இவர் ஏதோ வடக்குச் சமஸ்தானத்துக் கிளை என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள்.

பலகையைப் படித்த ஒருவர் உள்ளே வந்து, குனிந்து, "எங்கு" என்றார். ராஜ வம்சத்தாரை மலாயில் அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள். எங்கள் ஆளுக்கு அது தமிழாகக் காதில் விழுந்தது. கை கழுவும் இடத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, கொல்லைப்பக்கம் கையைக் காட்டினார். வந்தவரும் அதை அரச கட்டளையாக எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றார்.

விஷயம் புரிந்ததும் திருத்தியிருக்க வேண்டாமா? திருத்துவாரா அந்த மகராசன். மறுநாளே கல்லாவில் முதுகு நிமிர்ந்துவிட்டது. இங்கத்து ராஜ வம்சங்களின் ஆதி மூதாதை கடல் தாண்டி நம் பக்கத்திலிருந்து வந்தவர் என்று மலாய்க்காரர்கள் கதை சொல்வார்கள். யாரோ அதை இவரிடம் சொல்லப்போக, "எங்க வழியும் அதேதான்" என்று மீசையைத் தடவிக்கொண்டார். கப்பலின் திறந்த தட்டில், மூட்டைகளுக்கு நடுவே, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்த மனுஷன். வாளி பிடித்தவள் நான்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், என் மகளுக்குச் சம்பந்தம் கூடி வரும்வரை. பக்கத்துத் தெரு மலாய்ப் பள்ளி வாத்தியாரின் மகன். இருவருக்கும் மனசு ஒத்துப்போயிருந்தது. எனக்கும் பையனைப் பிடித்திருந்தது. வாத்தியார் பெண் கேட்டு வரவேண்டிய சமயத்தில் யாரோ அவர் காதில் இந்த ராஜா விவகாரத்தை ஓதிவிட்டார்கள். ராஜ வம்சத்துப் பெண்ணைச் சாதாரண வீட்டுப் பையனுக்குக் கேட்பது அவர்கள் வழக்கத்தில் பெரிய அத்துமீறல். அரண்மனைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று நடுங்கி, வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினார். மகள் சோற்றைத் தொடவில்லை.

"போய் உள்ளதைச் சொல்லுங்க மச்சான்" என்று துரத்தினேன். போனார். நான் ராஜ வம்சம் இல்லை என்றாராம். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டதாம். இத்தனை பணிவு உயர்ந்த ரத்தத்துக்குத்தான் வரும் என்றாராம். எங்கள் ஆள் திரும்பி வந்து இதையும் பெருமையாகவே சொன்னார்.

மறுநாள் வாத்தியாரே மன்னிப்புக் கேட்கக் கடைக்கு வந்தார். நாற்காலி இருக்க, தரையில் உட்கார்ந்தார். இவரும் தடுக்கவில்லை. அகப்பையோடு திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாத்தியாருக்குப் புரியட்டும் என்றே, எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் கத்தினேன்.

"வம்சமா? நான் சொல்றேன். இவங்க அத்தா கருவாடு வித்தாரு. அவங்க அத்தா தோணி தள்ளினாரு. அதுக்கு முன்னாடி யாருன்னு ஊர்ல யாருக்கும் தெரியாது. எந்திரிச்சுப் போய் ஆணத்தைக் கிண்டுங்க, அடி பிடிக்குது."

ராஜா எழுந்து போய்க் குழம்பைக் கிண்டினார்.

வாத்தியார் என்னைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார். எந்த அரண்மனையிலும் இப்படி ஒரு பேச்சைக் கேட்டிருக்கமாட்டார். தரையிலிருந்து எழுந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பெண் கேட்டு எப்போது வரலாம் என்றார். அன்று மத்தியானம் என் மகள் இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

சம்பந்திக்குக் குசும்பு அதிகம் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. கடைக்குள் நுழையும்போதெல்லாம் நன்றாகக் குனிந்து, "எங்கு" என்பார். என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தாமல் கொல்லைப்பக்கம் கையைக் காட்டுவார்.