சகலையின் டர்போ காரும் ஒரு கிலுகிலு சத்தமும்

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். திண்டுக்கல்லில், என் மச்சினன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்கு விளங்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, பிறகு சொந்த லாரி வாங்கி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றியவன். அப்பன் சொத்து என்று ஒரு ஸ்பேனர்கூடக் கிடையாது. படிப்பு இல்லாவிட்டாலும் காது உண்டு. தெருமுனையில் லாரி திரும்பும்போதே அது யாருடைய வண்டி, எந்த வால்வு இடிக்கிறது, டிரைவர் கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறானா என்பதையெல்லாம் வீட்டுக்குள் சாப்பிட்டபடியே சொல்லுவேன். மெக்கானிக்குகளே வண்டியைக் கொண்டுவந்து, "அண்ணே, செத்த நேரம் கேட்டுச் சொல்லுங்க" என்று வாசலில் நிற்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் மாமனாருக்குச் சாணார்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம். இரண்டு பெண், ஒரு பையன். மூத்த மருமகன் நான். "மூத்த மாப்ள வந்துட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்த வீட்டில் இலை போடுவார்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் கார் வாங்கியவனும் நான்தான். வெள்ளை அம்பாசிடர். கொழுந்தியாள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போனது அந்தக் கார்தான். அதாவது, என் சகலையை என் காரில் உட்காரவைத்து நானே ஓட்டிக் கூட்டி வந்தேன். அன்றைக்கு அவருக்குச் சைக்கிள்கூடச் சரியாக ஓட்டத் தெரியாது.

அதே சகலை, அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கறுநீலக் கார் வாங்கி வந்தார். பழைய வண்டிதான். ஆனால் டர்போ வைத்த டீசல் எஞ்சின். வீணாக வெளியே போகிற புகையின் வேகத்திலேயே ஒரு குட்டிச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. மிதித்தால் ஒரு மூச்சு இழுக்கும். அடுத்த நொடி முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் கோயிலில் வைத்துப் பூஜை போட்டோம். பானெட்டைத் திறந்து, பெண்கள் எஞ்சினுக்கெல்லாம் மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். என் மனைவி மட்டும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் குனிந்து நின்றாள். தங்கச்சி கார் என்ற பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமனார் அந்தக் காரில் பூ மார்க்கெட் வரை ஒருமுறை போய்வந்தார். அவ்வளவுதான், மனுஷன் ஆளே மாறிவிட்டார்.

"மாப்ள, பாலத்துல ஏறுனதே தெரியலய்யா! தம்ளர்ல காப்பி வச்சிருந்தாக் கூடச் சிந்தாது போல!"

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாமியார், "இன்னுங் கொஞ்சம் வெஞ்சனம் வச்சுக்கங்க மாப்ள" என்று பொரியல் கரண்டியோடு வந்தபோதுதான் மாமனார் அடுத்ததைச் சொன்னார்.

"பையன் அழைப்புக்குச் சின்ன மாப்ள வண்டியவே வச்சுக்கிருவோம். மூத்தவரு வண்டி பெருசுல்ல, அதுல பொம்பளைக வரட்டும்."

மாப்பிள்ளை அழைப்புக்கு மூத்த மருமகன் வண்டி என்பது எழுதாத சட்டம். என் கார் பெண்கள் ஏறும் பின்வண்டியாகப் போனது. அன்றிலிருந்து அந்தக் கறுநீலக் கார் எங்கள் தெருவில் நுழைந்தாலே எனக்கு நெஞ்சுக்குள் புளித்த ஏப்பம் வரும்.

பிறகுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. முதலில் கேட்டவன் நான். அவர்கள் என் வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது, மிதித்த மாத்திரத்தில் 'கிலுகிலுகிலு' என்று ஒன்று குலுங்கிவிட்டு அடங்கியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நல்ல தூக்கம் வந்த ராத்திரிகளில் அதுவும் ஒன்று.

இரண்டு மூன்று நாளில் சகலைக்கும் கேட்டுவிட்டது. வெளியூரில் பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். டர்போ தேய்ந்திருக்கலாம், கழற்றிப் பார்த்தால்தான் தெரியும், சாமான் சென்னையிலிருந்து வரவேண்டும், கல்யாணத்துக்குள் வண்டி கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

மாமனார் எனக்குப் போன் போட்டார். "மாப்ள, அப்ப ஒங்க வண்டிதான். கழுவிக்கிழுவி வைங்க."

கழுவினேனா? மெழுகு போட்டே தேய்த்தேன். பம்பரில் என் மூக்கு தெரிந்தது.

மறுநாள் காலையில் சகலை காரோடு என் வாசலில் நின்றார். முகம் வாடியிருந்தது.

"அண்ணே, வண்டிய ரிப்பேருக்கு விடுறதுக்கு முன்னால ஒருவாட்டி நீங்க கேட்டுருங்க. ஒர்க்‌ஷாப்காரன் சொல்றது கெடக்கட்டும். நீங்க போச்சுன்னு சொன்னீங்கன்னா போச்சுதான்."

என் ஒரு வார்த்தையில் இருந்தது எல்லாம். தலையை ஆட்டினாலே போதும், முன்வண்டி என்னுடையது. காப்பி கொண்டுவந்த என் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"எஞ்சின எல்லாமா கழட்டுவாங்க?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா, முன்னால பூராக் கழட்டணுமாம்" என்றார் சகலை.

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. தங்கச்சிக்குச் செலவு வருகிறதே என்ற கவலை என்று அதையும் விட்டுவிட்டேன். எஞ்சினுக்குள் நடப்பதெல்லாம் கேட்கும் இந்தக் காதுக்குப் பக்கத்தில் நடப்பது கேட்கவில்லை.

எஞ்சின் சும்மா ஓடும்போது சத்தமே இல்லை. நின்ற இடத்தில் மிதித்தாலும் இல்லை. எடை இழுக்கும்போதுதான் வரும்போல என்று, சிறுமலை ரோட்டுக்கு ஓட்டச் சொன்னேன். சமதரையில் பூனை மாதிரி வந்த வண்டி, மலை ஏற்றத்தில் மிதித்ததும் குலுங்கியது. காலை எடுத்தால் நின்றது. மிதித்தால் மறுபடி கிலுகிலு.

"கேட்டுச்சாண்ணே?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க சகலை."

டர்போ சாகும்போது ஊளையிடும், எண்ணெய் குடித்து நீலப்புகை விடும். இது ஊளையில்லை. தகர டப்பாவுக்குள் யாரோ வளையலைப் போட்டு ஆட்டுகிற சத்தம். வளைவில் ஓரங்கட்டி, சூடு அடங்கும்வரை காத்திருந்து, காற்றுக் குழாயைக் கழற்றி விரலை விட்டு டர்போ சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன். சுற்றிவிட்டால் லேசாகச் சுழன்றது, அசைத்தால் கல்லில் அடித்த ஆணி மாதிரி நின்றது. சொட்டு எண்ணெய் இல்லை. சுத்தமான வண்டி. அந்தச் சுத்தத்தைப் பார்த்து எனக்குப் பொறாமை இன்னும் ஒருபடி ஏறியது.

"நீங்க உள்ள உக்காந்து பிரேக்க நல்லா மிதிச்சுக்கிட்டு, கியரப் போட்டு கிளட்ச்ச லேசா விடுங்க" என்றேன்.

பானெட்டைத் திறந்து வைத்து, பக்கவாட்டில் நின்று பார்த்தேன். வண்டி நகரப் பார்த்து நகராமல் நின்றது; எஞ்சின் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்தபோது கிலுகிலு. புகைக்குழாயின் சூடு மற்ற இடத்தில் தாக்காமல் இருக்க, அதன்மேல் ஒரு தகரம் மூடியிருக்கும். அந்தத் தகரத்துக்கும் குழாய்க்கும் நடுவில் ஏதோ துள்ளியது. எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, நீள ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன். எண்ணெய்த் துணியில் வந்து விழுந்தது ஒரு குதிரை லாடம். அதன் ஓட்டையில் தீய்ந்துபோன கறுப்புக் கயிறு கொஞ்சம் ஒட்டியிருந்தது.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கண்ணேறு படாமல் இருக்க வண்டியில் லாடம் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் அந்த லாடம் என்னுடையது. ஒரு பக்க ஆணி ஓட்டை உடைந்து வாய்பிளந்து இருக்கும். என் முதல் லாரி வந்த அன்றைக்கு ஒரு ஜட்கா வண்டிக்காரர் கொடுத்தது. அந்த லாரியை விற்றபிறகு எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் கிடந்தது. அங்கிருந்து அதை எடுத்துவந்து, மஞ்சள் குங்குமம் வைக்கிற சாக்கில் இந்த எஞ்சினில் கட்டியிருக்கக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான். யாருடைய கண்ணுக்குப் பயந்து கட்டினாள் என்று நான் யாரிடமும் கேட்கவேண்டியதில்லை.

திறந்த பானெட் மறைத்ததால் சகலைக்கு எதுவும் தெரியவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "என்னண்ணே, டர்போ போச்சா?"

அப்போதும்கூட நான் 'போச்சு' என்று சொல்லியிருக்கலாம். என் காதின்மீது இருந்த மரியாதையால் சொல்லவில்லை என்று இன்றைக்குப் பெருமை அடித்துக்கொள்ளலாம். ஆனால் எண்ணெய்த் துணியோடு மடியில் செருகிய லாடம் இடுப்பைச் சுட்டுக்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு பொய் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

"டர்போ கல்லாட்டம் இருக்கு. தகரம் ஒன்னு ஆடிக்கிட்டுக் கெடந்துச்சு, முடுக்கிவிட்டேன். ஏத்தத்துல விடுங்க பாப்போம்."

விட்டார். மலை மேல் வரை ஒரு கிலு இல்லை. சகலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க காது காதில்லண்ணே, தெய்வம்" என்றார். மற்ற நாளாக இருந்தால் அதை ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து, அடுப்படியில் அவள் முன்னால் லாடத்தை வைத்தேன்.

"என் கண்ணு அம்புட்டுக் கொள்ளிக்கண்ணா?"

அவள் லாடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதுவா சத்தம் போட்டுச்சு?" என்றாள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அந்தக் காரு வந்ததுல இருந்து கொழம்புல உப்பு இல்லாட்டிக் கூட நீங்க ஒரு வார்த்த சொல்லல. எனக்குத் தெரியாதா?" அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். "ஒங்க கண்ணுக்கு நான் பயப்படலங்க. நாளைக்கு அந்த வண்டி எங்கிட்டாவது முட்டிக்கிச்சுன்னு வைங்க. மூத்தவரு வயித்தெரிச்சல்னு எங்க அப்பாவே சொல்லுவாரு. என் தங்கச்சி வாயால சொல்லாட்டியும் மனசுல நெனப்பா. அந்தப் பழி ஒங்க மேல விழக்கூடாதுன்னுதான் கட்டுனேன்."

கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"கட்டுறதுதான் கட்டுன, பொகக்குழாய் மேலயா கட்டுவ? கயிறு தீஞ்சு போகாதா?"

"ஊருக்கெல்லாம் எஞ்சின் சொல்லிக் குடுக்கிறீங்க. பொண்டாட்டிக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?"

கல்யாணத்துக்கு முதல் நாள், தகரத்தை இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சகலையிடம் சாவி வாங்கினேன். முன் பம்பருக்குப் பின்னால், சூடு எட்டாத இடத்தில், கட்டுக்கம்பியால் முறுக்கி முறுக்கி அந்த லாடத்தை நானே கட்டினேன். இனி வண்டி உடைந்தாலும் அது அவிழாது.

மாப்பிள்ளை அழைப்புக்குக் கறுநீலக் கார்தான் முன்னால் போனது. மாலையும் பலூனுமாக அது ஜொலித்தது. பெண்களை அடைத்துக்கொண்டு, அதன் புழுதியைத் தின்றபடி நான் பின்னால் போனேன். என் மனைவி முன் சீட்டில் என் பக்கத்தில். ஒரு இடத்தில் அந்தக் கார் மூச்சு இழுத்து ஒரே பாய்ச்சலாக விலகிப் போனது.

"சத்தம் எதுவும் கேக்குதா?" என்றாள் மெதுவாக.

"இல்ல. சுத்தமா இல்ல."

"வண்டியக் கேக்கல. ஒங்க வயித்துல?"

"அது கேக்குது" என்றேன். பின்னால் இருந்த பெண்களுக்கு நாங்கள் எதற்குச் சிரித்தோம் என்று இன்றுவரை தெரியாது.

சகலை அதற்கப்புறம் வேறு கார் மாற்றிவிட்டார்; அதுவும் டர்போதான், அதுவும் என் காரைவிட நல்ல கார்தான். யார் புது வண்டி வாங்கினாலும் எனக்கு இன்றும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் எரிகிற அந்த நிமிஷத்திலேயே, 'சாமி, அந்த வண்டிக்கு ஒரு கீறல்கூட விழக்கூடாது' என்று அந்த வண்டியின் சொந்தக்காரருக்கும் முந்தி வேண்டிக்கொள்கிற ஆளும் நானாகத்தான் இருக்கிறேன்.