கோல்டர்ஸ் கிரீனில் மூன்றாவது மன்னிப்பு

யூதர்கள் கூடி வாழும் கோல்டர்ஸ் கிரீனுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. துணை நிற்கப் போனேன். என்னோடு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்யும் ரூத் யூதப் பெண். அம்மாவின் கடைசிக் காலத்தில் தொடங்கிய பகையில் அவளுக்கும் தங்கை லேயாவுக்கும் நாலு வருடமாகப் பேச்சில்லை. அவர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூருக்கு முதல் நாள், அங்கே இருக்கும் தங்கையிடம் மன்னிப்புக் கேட்க என்னையும் கூப்பிட்டாள். ஆள் கூட்டிக்கொண்டு போவது அவர்கள் வழக்கமாம்.

நோர்பரியில் ரயில் ஏறி விக்டோரியா. அங்கிருந்து யூஸ்டன் போய் நோர்தன் லைனுக்கு மாறவேண்டும். மொத்தம் ஒன்றேகால் மணித்தியாலம். எட்ஜ்வேர் போகும் வண்டிதானா என்று பார்த்து ஏறுங்கள். நான் வேறு வண்டியில் கால் வைக்க, ரூத் பிடித்து இழுத்தாள்.

வண்டியில் என் நெடுநாள் சந்தேகத்தைக் கேட்டேன். (பேசியது இங்கிலிஷ், எழுதுவது எங்கள் ஊர்ப் பேச்சில்.)

"முந்தி உங்கடை ஆக்களும் கோயிலிலை ஆடு வெட்டித்தானே பாவம் தீர்த்தவை? இப்ப பதிலுக்கு என்ன வெட்டுறியள்? எங்கடை ஆக்கள் நீத்துப்பூசணிக்காய் வெட்டுவினம்."

ரூத் சிரித்துவிட்டாள். "ஒண்டுமில்லை. எருசலேம் கோயில் இடிஞ்சதோடை பலியும் நிண்டுபோச்சு. இப்ப மனம் திரும்பிறது, பிரார்த்தனை, தருமம். ஆனா அது கடவுளுக்குச் செய்த பிழைக்கு. மனிசருக்குச் செய்ததை அந்த மனிசர்தான் மன்னிக்கவேணும். மூண்டு தரம் கேக்கவேணும். எனக்கு இது மூண்டாவது."

காசு கட்டி எடுத்த அர்ச்சனைத் துண்டை ஐயரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிற இனம் நாங்கள். இது எனக்குப் பெரிய தலையிடியாகத் தெரிந்தது.

ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. லேயா கதவைப் பாதிதான் திறந்தாள். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவது எங்களுக்கு ஆகாதே. வாழைப்பழச் சீப்பை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நான் ஏதும் நோகப் பண்ணியிருந்தால் மன்னிச்சிடு," என்றாள் ரூத்.

"ஏதுமோ?" என்று கேட்டுவிட்டு லேயா கதவைச் சாத்திவிட்டாள்.

"மூண்டு தரமும் கேட்டாச்சு. உம்மடை கடமை முடிஞ்சுது. வாரும், போவம்," என்றேன்.

"கடமை முடிஞ்சுதுதான். ஆனா அவள் என்ரை தங்கச்சி." மறுபடி மணியை அடித்தாள்.

கதவு திறந்ததும், "அம்மாவைப் பராமரிப்பு இல்லத்திலை விட்டதை உனக்கு நான் சொல்லேல்லை. சாகமுந்தி அம்மா உன்னைக் கேட்டவ. அதையும் மறைச்சிட்டன்," என்றாள். லேயா அக்காவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

போக நினைப்பவர்களுக்கு: அன்று பின்னேரம் யூதர்களின் கடைகள் நேரத்தோடு பூட்டிவிடும், காலையிலேயே போங்கள். அவர்களின் தொழுகைக்கூடம் பார்ப்பதென்றால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். வாசலில் காவல் உண்டு. மன்னிப்புக்குத் துணை போகிறவர்கள் குடையும் கொண்டுபோங்கள். தூறலில் நான் நெடுநேரம் வாசலில் நின்றேன். ரூத் வெளியே வரவில்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் காத்துக்கிடந்ததில்லை.