மாடி அக்காவின் ஆட்கள்

நூல்காரி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு பஸ்ஸில். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி தன் புருவத்தைத் தொட்டுக் காட்டி, "நூல்காரிகிட்ட போடி. கை பட்டதே தெரியாது. எழுந்து கண்ணாடியைப் பார்த்தா புருவம் ஒழுங்கா வந்து உக்காந்திருக்கும்" என்றாள். அதுவரை அந்தப் புருவம் எங்கே போயிருந்தது என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, "யாரும்மா அந்த நூல்காரி? துணி தைக்கிறவளா?" என்றேன். ரெண்டும் சிரித்தன.

"பார்லர் வச்சிருக்காங்க பாட்டி. மருந்துக்கடைக்கு எதிர்வீடு. பச்சைக் கதவு."

பச்சைக் கதவு என்றதும் தூக்கிவாரிப் போட்டது. அது என் தங்கை மகள் வீடு. அந்தப் பச்சை வேண்டாம், கண்ணைக் குத்துகிறது என்று சொன்னவளே நான்தான்.

நாங்கள் கூடப்பிறந்தவர்கள் ஐந்து பேர். எனக்கு நேர் இளையவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் லாரி ஓட்டப் போன ஊரிலேயே பெண் பார்த்துக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். நடுவிலவளுக்கு வாய் அதிகம், மாமியாரையே தனிக்குடித்தனம் அனுப்பியவள். கடைசிதான் இவள். பிறந்ததிலிருந்தே பயந்த சுபாவம். முட்டை வாங்கி வரச் சொன்னால், வழியில் விழுந்து உடைந்துவிடுமோ என்று பயந்து இறுக்கிப் பிடித்தே உடைத்துக் கொண்டு வருவாள். இவளைத் தெருவே பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறது என்றால் நம்ப முடிகிறதா?

பார்லர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டு முன்னறைதான். ஒரு சுழல் நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, காத்திருக்கிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. அடுக்களைக்கும் அதற்கும் நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் அடுப்பில் ஏதாவது தீய்ந்தால் நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறவள்தான் முதலில் சொல்லுவாள், "உள்ள ஏதோ அடிப்பிடிக்குதுங்க" என்று. இவள் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மற்றதை இரண்டு கையிலும் முறுக்கிப் பிடித்து, புருவத்தின் மேல் ஓட்டுவாள். வாயில் நூல் இருப்பதால் அவள் பேச முடியாது. வந்தவர்கள்தான் பேசுவார்கள். அதனாலேயே தெருவிலுள்ள எல்லா வீட்டுக் கதையும் அவளுக்குத் தெரியும்.

எதிரே மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இன்னொரு பார்லர். அதை வைத்திருந்தவளுக்கு இவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட. எல்லோருக்கும் அவள் மாடி அக்கா. தெருவில் முதலில் கடை போட்டவள் அவள்தான். இவள் ஆரம்பித்த அன்று மாடி அக்கா இறங்கி வந்து, அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "நாற்காலி ஆடுது. கீழ ஒரு அட்டையை மடிச்சு வை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஏறிப் போனாளாம். அதற்கு மேல் கொஞ்சலும் கிடையாது, சண்டையும் கிடையாது.

ஆனால் இரண்டு பேருக்கும் நடுவே வாய்விட்டுச் சொல்லாத ஒரு ஒழுங்கு இருந்தது. மாடிப்படியில் கால் வைக்கிறவளைப் பார்த்து இவள் சிரிக்க மாட்டாள், இழுக்கிற மாதிரி ஆகிவிடும் என்று வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். மாடி அக்காவின் வாடிக்கை ஆட்களில் யாராவது இங்கே வந்து அவளைக் குறை சொல்ல வாயெடுத்தால் டிரையரைப் போட்டுவிடுவாள். தலை ஈரமோ இல்லையோ, சொல்வது காதில் விழக் கூடாது, அவ்வளவுதான். மாடி அக்காவும் அப்படியே என்று சொல்வார்கள். அங்கே டிரையர் பழசு, சத்தம் இன்னும் ஜாஸ்தி.

மாடி அக்காவுக்கு வலது மணிக்கட்டில் நரம்பு நெருக்கி விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. கத்தரி கைநழுவி விழுந்தது. ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும், அப்புறம் சில மாதம் அந்தக் கையால் ஒரு வேலையும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வீட்டில் தரையைப் பெயர்த்துப் போட்டிருந்ததால் அப்போது நான் இவள் வீட்டில்தான் இருந்தேன். பெஞ்சு ஓரம் என் இடம். மாடி அக்கா வந்து வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்கக்கா."

"உக்கார வரல. என் ஆளுங்களை உன்கிட்ட விட்டுட்டுப் போறேன். பாத்துக்க."

"சரிக்கா."

"பாத்துக்கன்னா, பாத்துக்கிட்டுத் திருப்பிக் கொடுக்கணும். நான் வந்து கேப்பேன்."

"கண்டிப்பா கொடுத்திடறேங்க்கா."

"மெயின் ரோட்டுல ஒருத்தன் கண்ணாடிக் கதவு போட்டு பார்லர் திறந்திருக்கான். அங்க போனா ஒருத்தியும் திரும்ப மாட்டா. அதான் உன்கிட்ட வந்தேன். நீ கொடுத்திடுவே."

வெளியூர் போகிறவள் பூச்செடியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் மாடி ஜன்னல் சாத்தியிருந்தது.

அவள் ஆட்கள் வந்தார்கள். அவர்களில் பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர்தான் தலைவி மாதிரி. டீச்சர் போகிற இடத்துக்குப் பள்ளிக்கூடமே பின்னால் போகும். முதல் தடவை ஐப்ரோ பண்ணிக்கொண்டு எழுந்தவர் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"இத்தனை வருஷம் அந்தப் படியை ஏறிக்கிட்டு இருந்தேனே, என் முட்டி என்ன பாவம் பண்ணிச்சு! இனிமே உன்கிட்டதாம்மா. அவங்க வந்தாலும் போறதா இல்ல. அவங்க கை கொஞ்சம் முரடு, தெரியுமா..."

நூல்காரி டிரையரைப் போட்டாள்.

"தலை காஞ்சுதானே இருக்கு?" என்று டீச்சர் கத்தினார்.

"இருக்கட்டும் டீச்சர்!" என்று இவளும் கத்தினாள்.

டீச்சர் சொன்னதையே அடுத்து வந்தவளும் சொன்னாள். அதற்கடுத்தவளும் சொன்னாள். பெஞ்சில் இடம் போதாமல் வாசலில் நின்றார்கள். வேறு யாராக இருந்தாலும் மனசு குளிர்ந்திருக்கும். இவளுக்குக் குளிரவில்லை. போர்த்துகிற துணியை உதற வாசலுக்குப் போகும்போதெல்லாம் எதிர்மாடி ஜன்னலைப் பார்த்துவிட்டு வருவாள். சாப்பாடு இறங்கவில்லை. அவள் புருஷன் ஒரு குடோனில் வேலை பார்க்கிறவன், நல்ல பிள்ளை, எதையும் தலையில் ஏற்றிக்கொள்ள மாட்டான்.

"வாசல்ல வந்து நிக்கறவங்களைப் போங்கன்னா சொல்லுவே? நீ என்ன கையைப் பிடிச்சா இழுத்தே?" என்றான்.

"வாக்கு கொடுத்திருக்கேன்ல?"

"அவங்க என்ன பாத்திரமா, கழுவித் திருப்பிக் கொடுக்க? வர மாட்டேங்கறாங்கன்னு சொல்லு."

"அக்கா நம்புவாங்களா? அவங்க இடத்துல நான் இருந்தா நம்ப மாட்டேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். இவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, அவங்களுக்குக் கை நல்லபடியா ஆகணும்னுதானே நான் நினைக்கிறேன்?"

"அதை என்கிட்ட ஏன்டி கேக்கறே?"

"எனக்கே சந்தேகமா இருக்கு."

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இப்படி ஒரு பயம் வந்து நான் பார்த்ததில்லை. எங்களுக்கெல்லாம் அடுத்தவர் என்ன சொல்வாரோ என்றுதான் பயம். இவளுக்குத் தன் மனசு மேலேயே பயம்.

ஒரு நாள் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "வேலை பிடிச்சுப்போனதாலதானே போக மாட்டேங்கறாங்க? கொஞ்சம் பிடிக்காத மாதிரி பண்ணிட்டா?"

"புத்தி பிசகிடுச்சாடி உனக்கு?"

"கொஞ்சமாத்தான் பெரியம்மா. மாடி அக்காவை நினைச்சுக்கற அளவுக்கு."

சொன்னது போலவே செய்தாள். மாடி அக்காவின் ஆட்களைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தன் ஆட்களை முதலில் கூப்பிட்டாள். அவர்கள் பக்கம் ஃபேனைத் திருப்பவில்லை. பவுடர் போடாமல் நூலை இழுத்தாள். முடி வெட்டினால் ஒரு பக்கம் ஒரு விரல்கடை தூக்கலாக விட்டாள். ஆனால் அந்தக் கைக்குத் தப்பாகச் செய்து பழக்கமில்லை. முதலில் தானாகவே சரியாகச் செய்துவிடும். அப்புறம் இவள் யோசித்து யோசித்து அதைக் கெடுப்பாள். பார்க்கிற எனக்கு உள்ளங்கால் கூசும்.

பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுக்க இருந்ததற்கு முந்தின நாள் டீச்சர் வந்தார். இவள் நினைத்தது இடது புருவத்தின் கீழே நாலு முடியை விட்டுவிட வேண்டும் என்றுதான். பயத்தில் இழுப்பு பிசகியது. நூல் மேலே ஏறி, எடுக்கக் கூடாத இடத்தில் எடுத்துவிட்டது. ஒரு வரிசை முடியே போய்விட்டது. அதைச் சரிக்கட்டப் போய் இன்னும் கொஞ்சம் போனது. கடைசியில் அந்தப் புருவம் கூரை மாதிரி ஏறி நின்றது. டீச்சர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 'அப்படியா?' என்று கேட்பது போலவே இருந்தது.

"என்னம்மா இது?" என்றார் டீச்சர்.

இவள் வாயில் இன்னும் நூல் இருந்தது. எடுக்கவே இல்லை.

வகுப்பில் வீட்டுப்பாடம் முடித்துக்கொண்டு வந்த பிள்ளைகள்கூட அந்தப் புருவத்தைப் பார்த்துப் பயந்து, முடிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டார்களாம். தெருவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. இவள் சிரிக்கவில்லை. அந்தப் போட்டோ பெரிதாகப் போடப்பட்டுப் பள்ளிக்கூட வாசலில் தொங்கியது.

அடுத்த வாரம் டீச்சர் வந்தார். உட்காரவில்லை.

"உன் ஆளுங்களுக்கு ஒரு வேலை, மாடி அக்கா ஆளுங்களுக்கு ஒரு வேலையா? பெஞ்சுல உக்காந்திருக்கும்போதே கவனிச்சேன். நாங்க என்ன ஓசியிலயா வந்தோம்?"

டீச்சர் நேராக மெயின் ரோட்டுக் கண்ணாடிக் கதவுக்குப் போனார். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். இவளுடைய சொந்த ஆட்களிலேயே சிலர் போய்விட்டார்கள். வாசல் வரை நின்ற கூட்டம் கரைந்து, பெஞ்சில் மறுபடி நான் ஒருத்திதான்.

அதற்குப் பிறகுதான் நிஜமான பயம். திருப்பிக் கொடுக்கக் கையில் ஒன்றுமே இல்லை. மருந்துக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டால்கூட மாடிக்கதவோ என்று திடுக்கிடுவாள்.

ஒரு முற்பகல் எதிர்மாடி ஜன்னல் திறந்தது. இவள் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது.

"வந்துட்டாங்க பெரியம்மா."

"போய் விசாரிச்சுட்டு வா."

"நீயும் வா. நீ இருந்தா கத்த மாட்டாங்க."

படியேறினோம். மாடி அக்கா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வலது கையில் ஒரு ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்ன பயிற்சியாம். நாற்காலி மேல் போர்த்தியிருந்த போர்வையில் தூசி.

"எங்கடி என் ஆளுங்க?"

இவள் எல்லாவற்றையும் சொன்னாள். பெஞ்சு, பவுடர், ஃபேன், டீச்சர் புருவம், ஒன்றையும் மறைக்கவில்லை. புருவத்துக்கு வந்தபோது பந்து நின்றது.

"வேணும்னேவா கெடுத்தே?"

"ஆமாக்கா."

"எதுக்கு?"

"உங்ககிட்ட திருப்பிக் கொடுக்கத்தான்."

நான் இருந்தும் கத்தத்தான் செய்தாள். "அடிப்பாவி! டீச்சரை நீயே வச்சுக்கிட்டு இருந்தா உன் வாசல்ல நின்னு ஒரு சண்டை போட்டுட்டு விட்டிருப்பேன். எதிர்ல உன்கிட்ட வந்து உக்கார்றவ இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு என் படி ஏறி வருவா. அவ புருவம் உன்னை என்னடி பண்ணிச்சு? நம்மளை நம்பிக் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்தவ. அவ முகத்துலயா போய் உன் பயத்தைக் காட்டுவே?"

இவள் அழுதாள். "நான் இப்ப என்னக்கா பண்ணட்டும்?"

மாடி அக்கா எழுந்து போர்வையை உருவினாள். தூசியில் எனக்குத் தும்மல் வந்தது.

"உக்காரு."

"எனக்கெதுக்குக்கா?"

"கை சரியாயிடுச்சுங்கறான் டாக்டர். அவன் புருவத்துலயா நான் பண்ணிப் பாக்க முடியும்? எவளாவது ஒருத்தி முதல்ல உக்காந்துதானே ஆகணும். உக்காருடி."

உட்கார்ந்தாள். மாடி அக்கா நூலைக் கடித்து, முறுக்கி, குனிந்தாள். அவளுடைய வலது விரல்கள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. ஜன்னல் விரியத் திறந்திருந்தது. மருந்து வாங்க வந்தவர்கள் கீழே நின்று மேலே பார்த்தார்கள். நூல் அறுந்தது. வேறு நூல் எடுத்தாள், அதுவும் அறுந்தது. இரண்டு பேருமே மூச்சு விடவில்லை, நானும் விடவில்லை. மூன்றாவது நூல் ஓடியது. அந்தச் சரசரப்பு கேட்டபோதுதான் மாடி அக்காவின் தோள் இறங்கியது.

ரொம்ப நேரம் பிடித்தது. முடித்ததும் கண்ணாடியைக் காட்டி, "எப்படி இருக்கு?" என்றாள்.

இவள் பார்த்தாள். நான் பின்னாலிருந்து, நல்லா இருக்குன்னு சொல்லித் தொலையேன்டி என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"இடது பக்கம் வால் கொஞ்சம் குட்டையா போச்சுக்கா."

"தெரியுது. கேக்கறவங்ககிட்ட யார் பண்ணதுன்னு சொல்லு."

சொன்னாள். கடைக்கு வந்தவர்களிடமும், தண்ணீர் பிடிக்கப் போன இடத்திலும், பஸ் ஸ்டாப்பிலும், கேட்காதவர்களிடம்கூடப் புருவத்தைத் தொட்டுக் காட்டி, "மாடி அக்கா பண்ணது. கை தேறிடுச்சு" என்று சொன்னாள். டீச்சர் வீட்டுக்குத் தனியாகப் போய், நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு வந்தாள். டீச்சர் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேட்டுவிட்டு, "ஆளுக்கு ஆள் கை மாத்த நான் என்ன கோழிக்குஞ்சா?" என்று சொல்லி உள்ளே போய்விட்டாராம்.

போனவர்களில் பாதிப் பேருக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக மாடிப்படி ஏறினார்கள். மீதிப் பேர் ஏறவில்லை.

நூல்காரி இப்போதும் அதே தெருவில், அதே பச்சைக் கதவு வீட்டில்தான் பார்லர் வைத்திருக்கிறாள். கூட்டம் முன்னைவிடக் குறைவு. மாதம் ஒரு தடவை எதிர்மாடிக்குப் போய் மாடி அக்காவிடம் புருவம் திருத்திக்கொண்டு வருகிறாள். டீச்சர் மெயின் ரோட்டுக்குத்தான் போகிறார்.