மிச்சமிருந்த சுரங்கள்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் நித்திரைதான். நகர நடுவில் நாங்கள் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து சப்வே, பிறகு ரயில், பிறகு பஸ் என்று ஏறி இறங்கி, நகருக்கு வெளியே விட்பியில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலைக்குப் போவேன். கிழமைக்கு ஆறு நாள். ஏழாம் நாளும் அதே வழியால் பாடப் போனேன் என்றால் என்னை விசரன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதில் இழுத்துவிட்டவர் என் வேலையை மேற்பார்த்த போர்மன், ஓய்வுக்குக் கிட்டிய வெள்ளைக்காரர். அவரும் இரண்டு நண்பர்களும் பாபர்ஷொப் பாட்டுக் குழு ஒன்று தொடங்க நினைத்தார்கள். வாத்தியம் கிடையாது. நாலு பேர் ஒரே பாட்டை நாலு விதமாக ஒரே நேரத்தில் பாட வேண்டும். மூன்று பேரோடு சரிவராது. மெஷினடியில் நான் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். போர்மன் கேட்டால் எப்படி மறுப்பது?

ஒருவருக்கு மெட்டு, ஒருவருக்கு அதற்கு மேலே, ஒருவருக்கு அடியில். மிச்சமிருந்த சுரங்களெல்லாம் எனக்கு. தனியாகப் பாடினால் அது பாட்டே அல்ல. ஊர்ப் பஜனையில் நாற்பது பேர் பாடினாலும் எங்களுக்கு ஒரே மெட்டுத்தான். என் தொண்டை வேறெதையும் அறியாது. நாலாம் வரிக்குள் மெட்டுக்காரரோடு போய் ஒட்டிக்கொள்வேன். போர்மன் கையைத் தூக்குவார். திரும்பவும் முதலிலிருந்து. ஒரு குளிர்காலம் முழுக்க, விட்பியில் தேவாலயமொன்றின் பேஸ்மென்ரில், ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு பாடினேன். பஜனையில் முதல் குரல் கொடுத்தவன் நான். வெட்கமாக இருந்தது.

மனைவிக்குக் கோபம். என்னோடு அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு நாள்தான்.

"ஆறு நாளும் போற இடத்துக்கு ஏழாம் நாளும் போறியளோ? உதென்ன பாட்டு, ஒரே இடத்தில நிண்டு முனகிறியள்?"

"முதல் நிகழ்ச்சிக்கு வந்து கேளும். சரியில்லையெண்டு சொன்னா அண்டைக்கே விடுறன்," என்றேன்.

சித்திரையில் ஒரு ஞாயிறு மத்தியானம், விட்பியில் ஒரு முதியோர் இல்லத்தில் பாடினோம். அவள் கோட்டைக் கழற்றாமல் கடைசி வரிசையில் இருந்தாள். இரண்டாவது பாட்டில் எனக்கு இருமல் வந்து ஒரு வரி போய்விட்டது. மற்றபடி நான் ஓரிடத்திலும் மெட்டுக்கு ஓடவில்லை. முடிந்ததும் போர்மன் தோளைப் பிடித்து, உன் குரல் தனியாகக் கேட்கவே இல்லை என்றார். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்கத்தானே அவள் அவ்வளவு தூரம் வந்திருந்தாள்?

திரும்பும் ரயிலில் அவள் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தாள். சரி, பாட்டை விட்டுவிடுவோம் என்று நினைத்துக்கொண்டேன். இனி ஞாயிறு முழுக்கப் படுக்கலாம்.

"உங்கட குரல் எனக்குக் கேக்கேல்லை," என்றாள்.

"ஓம்."

"ஆனா நீங்கள் இருமினியள் எல்லே, அந்த இடத்தில பாட்டு நொண்டிப் போச்சு." யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வாற ஞாயிறு சாப்பாடு கட்டித் தாறன். வெறும் வயித்தோட போகாதேங்கோ."

எனக்கு அழுகை வந்தது. பாதி சந்தோஷத்தில். மற்றப் பாதி, இனி ஞாயிறும் நித்திரை இல்லையே என்று.